சீத்தாப்பழக் கொட்டைத் தண்ணீர்

அத்தானுக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு அக்காவை மந்தைவெளிக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அந்த வீட்டில் அவளைத் தனியாக விட்டுவர எனக்கு மனம் வரவில்லை.

அத்தான் கோவில்பட்டிப் பக்கம் உரக்கடை வைத்திருந்தவர். கீழே கடை, மேலே வீடு. பருத்தி போடுகிற பூமி என்பதால் உரத்தைவிடப் பூச்சி மருந்துதான் அதிகம் ஓடும். அந்த நெடிக்குள்ளேயே அக்கா சமைத்தாள், சாப்பிட்டாள், தூங்கினாள். கடைசிக் காலத்தில் அத்தானுக்கு முதலில் கை நடுங்கியது. பிறகு சிறுநீரகம் கெட்டது. மதுரைக்கும் ஊருக்குமாக டயாலிசிஸுக்கு அலைந்து அலைந்து ஒரு மாசி மாதத்தில் போய்ச் சேர்ந்தார். சர்க்கரையால் வந்தது என்றார்கள் டாக்டர்கள். அக்கா அதை ஒத்துக்கொள்ளவே இல்லை.

"சர்க்கரையாவது ஒண்ணாவது. பெரிய டின்னை உடைச்சுச் சின்னச் சின்ன பாட்டில்ல ஊத்திக் குடுப்பாரு. கையில உறை கிடையாது. வேட்டியில துடைச்சிக்கிட்டு அதே கையால பஜ்ஜி எடுத்துத் திம்பாரு. பக்கத்துல இருந்து பாத்தவ நான். எனக்குத் தெரியாதா?"

அவள் சொன்னது சரியா, டாக்டர்கள் சொன்னது சரியா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மந்தைவெளியில் நாங்கள் இருப்பது மாடிப் போர்ஷன். மொட்டைமாடி எங்கள் புழக்கத்தில்தான். நானும் என் மனைவியும் மட்டும்தான். மகன் பெங்களூரில் வேலையாக இருக்கிறான். எனக்கு தியாகராய நகரில், உஸ்மான் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், ஜாக்கெட் துணியும் லைனிங் துணியும் விற்கிற சின்னக் கடை. வந்த புதிதில் அக்கா யாருடனும் பேசவில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் வருவாள், சாப்பிடுவாள், தட்டைக் கழுவி வைத்துவிட்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொள்வாள். அப்புறம் ஒருநாள் உடைந்த பக்கெட் ஒன்றில் மண்ணை நிரப்பிக் கத்தரி விதை தூவினாள். அடுத்த மழைக்குள் மாடியில் நடக்க இடமில்லாமல் தொட்டிகளும் பைகளும் வந்துவிட்டன. வெண்டை, கத்தரி, கொத்தவரை, ஓரமாகச் செம்பருத்தி.

அதோடு மாவுப்பூச்சியும் வந்தது. வெண்டைக் குருத்திலும் கத்தரி இலைக்கு அடியிலும் வெள்ளைப் பஞ்சு ஒட்டினாற்போல. விரலால் நசுக்கினால் பிசுபிசுவென்று ஒட்டும். இன்றைக்கு வழித்துப் போட்டால் நாளைக்கு மறுபடி இருக்கும். என் மனைவி பாவம், நல்லது செய்வதாக நினைத்து நர்சரியிலிருந்து ஒரு சின்ன பாட்டில் மருந்து வாங்கி வந்தாள். அக்கா மூடியைத் திறக்கக்கூட இல்லை. மூக்கருகே கொண்டுபோனாள். முகம் மாறிவிட்டது.

"இத எதுக்கு வீட்டுக்குள்ள கொண்டாந்த?"

"செடிக்குத்தானே மதினி?"

"செடிக்குப் போடுதது நமக்கு வந்து சேராம வேற எங்க போகும்?"

மறுநாள் காலையில் அதைப் பிளாஸ்டிக் பைக்குள் பை வைத்துச் சுற்றி, நர்சரிக்கு நடந்தே போய்த் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

அதன் பிறகுதான் கழிவு சேர்க்கத் தொடங்கினாள். போனில் வீடியோ பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். வெங்காயத் தோலை ஊறவைத்து வடிகட்டி அடித்தாள். சாத்துக்குடித் தோலை வேகவைத்து அடித்தாள். பப்பாளி இலை, புகையிலைக் காம்பு, பூண்டுத் தோல், என்னென்னவோ. கொத்தவரையில் இருந்த அசுவினிப் பூச்சி கொஞ்சம் குறைந்தது. மாவுப்பூச்சி அசையவில்லை.

என் கடைக்குப் பக்கத்தில் ஒரு ஜூஸ் கடை. சீத்தாப்பழம் வரத்து தொடங்கினால் அங்கே மில்க் ஷேக்குக்கு நிற்கிற கூட்டத்தில் என் கடைக்கு வருகிறவர்கள் உள்ளே நுழைய முடியாது. சாயங்காலமானால் கருகருவென்று மின்னுகிற கொட்டைகள் ஒரு பக்கெட் நிறையச் சேர்ந்திருக்கும். குப்பை வண்டிக்குப் போகிறது. சீத்தாப்பழக் கொட்டையில் பூச்சியைக் கொல்கிற சத்து இருக்கிறது என்று அக்கா எங்கேயோ பார்த்துவிட்டு, "தம்பி, அதை மட்டும் எனக்குக் கொண்டாந்து குடு" என்றாள். ஜூஸ் கடைக்காரருக்குக் குப்பை குறைந்தால் சந்தோஷம்தானே. ஸ்கூட்டரின் முன்பக்கக் கொக்கியில் பையை மாட்டிக்கொண்டு நந்தனம் சிக்னலில் நிற்கும்போது புளித்த பழவாடை என் சட்டையிலெல்லாம் ஏறும்.

கொட்டைகளை அலசி, மாடியில் பழைய சேலையை விரித்துக் காயவைப்பாள். நன்றாகக் காய்ந்ததும், சமையலுக்கு உதவாத பழைய மிக்சியில் பொடிப்பாள். பொடித்ததைத் தண்ணீரில் ஊறப்போட்டு, வேட்டித் துணியில் வடிகட்டினால் மோர் மாதிரி ஒரு தண்ணீர் வரும். இலையில் ஒட்டுவதற்குப் பூந்திக்கொட்டை நுரை கொஞ்சம். அரைக்கும்போது அவள் கண்ணில் நீர் கொட்டும். "மொளகா அரைச்சா எரியாதா? அதுமாதிரிதான்" என்பாள்.

அந்தத் தண்ணீரை அடித்த மறுநாள் அவள் என்னைக் கையைப் பிடித்து மாடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். மாவுப்பூச்சி பழுப்பேறிச் சுருண்டு கிடந்தது. இலையைத் தட்டினால் தவிடு மாதிரி உதிர்ந்தது. அக்கா சிரித்தாள். அத்தான் படுக்கையில் விழுந்த பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

பிறகு அது பரவியது. மயிலாப்பூர்ப் பக்கம் மாடித்தோட்டம் போடுகிற பெண்கள் ஒரு வாட்ஸாப் குழு வைத்திருந்தார்கள். அதில் யாரோ அக்காவைச் சேர்த்துவிட்டார்கள். வெண்டைச் செடியின் படத்தை முன்பு, பின்பு என்று போட்டாள். ஒரே நாளில் எல்லோரும் கேட்டார்கள். காலித் தண்ணீர் பாட்டில்களில் ஊற்றி, சந்நிதித் தெருவுக்கும் லஸ்ஸுக்கும் அபிராமபுரத்துக்கும் திருவல்லிக்கேணிக்கும் கொண்டுபோய்க் கொடுத்தாள். யாரிடமும் காசு வாங்கவில்லை. "மாமி, இது மருந்து இல்ல. பழக் கொட்டைதான். கையில பட்டாலும் கண்ணுல பட்டாலும் ஒண்ணும் செய்யாது. தைரியமா அடிங்க" என்று ஒவ்வொருவரிடமும் சொல்வாள். உரக்கடைக்காரர் சம்சாரமாக இருந்தவளை இங்கே எல்லோரும் 'இயற்கை அக்கா' என்று கூப்பிட்டார்கள். அவளுக்கு அது பிடித்திருந்தது.

கீரை போடுகிற அந்தப் பெண்ணை அக்கா முதலில் பார்த்தது அடையாறு பகுதியில். அக்காவின் ரத்த அழுத்தத்துக்குப் பார்க்கிற டாக்டர் அங்கேதான். நான்தான் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். டாக்டரைப் பார்த்துவிட்டு உள்தெரு ஒன்றில் ஸ்கூட்டரை எடுக்கும்போது அக்கா சட்டென்று நின்றுவிட்டாள். மூக்கை உறிஞ்சினாள்.

"தம்பி, மருந்து அடிக்காங்க."

அடுக்குமாடி வீடுகளுக்கு நடுவே ஒரு காலி மனை. சொந்தக்காரர் வெளிநாட்டில். தகரம் போட்ட ஓர் அறையில் காவல்காரக் குடும்பம். மனை முழுக்கப் பாத்தி கட்டி அரைக்கீரை, சிறுகீரை, தண்டுக்கீரை. முதுகில் பம்பு மாட்டிக்கொண்டு, வெறுங்காலோடு, முந்தானையை மூக்குக்குக்கூடக் கட்டாமல் ஒரு பெண் அடித்துக்கொண்டிருந்தாள். முப்பது வயதுக்கு மேல் இருக்காது. அக்கா கேட்டைத் தள்ளிக்கொண்டு நேராக உள்ளே போய்விட்டாள்.

"ஏம்மா, என்ன மருந்து அது?"

"இன்னாக்கா? யாரு நீ? கீரை வோணுமா?"

"கீரை வேண்டாம். இந்த நெடிக்குள்ள முப்பது வருசம் குடும்பம் நடத்தினவ நான். இதை வித்துத்தான் என் புருசன் செத்தாரு. முதல்ல அதைக் கீழ இறக்கு."

அந்தப் பெண் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, பம்பைக் கழற்றி வைத்தாள். "புழு வந்தா இலை பூரா ஓட்டையாய்டுதுக்கா. ஓட்டைக் கீரைய யாரு வாங்குவாங்க? மருந்துக் கடைல குடுத்தாங்க, அட்சிகினு கீறேன்" என்றாள். சைதாப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவள். ஆற்றங்கரையில் இருந்த அவள் அம்மா வீட்டை இடித்து, ஊருக்கு வெளியே எங்கேயோ கொண்டுபோய்க் குடிவைத்துவிட்டார்கள். புருஷனுக்குத் திருவண்ணாமலைப் பக்கம். அவன் காவல் சம்பளத்தில் குடும்பம் ஓடவில்லை என்றுதான் கீரை போட்டிருக்கிறாள். அங்கே கீரை போடுவது மனைக்காரருக்குத் தெரியாது.

அடுத்த வாரத்திலிருந்து அக்கா அவளுக்குக் கேனில் கொட்டைத் தண்ணீர் கொண்டுபோனாள். மந்தைவெளியிலிருந்து பஸ் ஏறி, அடையாற்றுப் பாலத்தைத் தாண்டி இறங்கி, கேனை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தே போவாள். கீரையில் புழு குறைந்தது. 'மருந்து அடிக்காத கீரை' என்று அந்தத் தெருவில் பேச்சு பரவி, எதிர் அப்பார்ட்மெண்ட் பெண்கள் கேட்டுக்கே வந்து வாங்கினார்கள். திரும்பி வரும்போது அக்காவின் பையில் ஒரு கட்டு அரைக்கீரை இருக்கும். அந்தப் பெண் கொடுத்தது. "எனக்கு ஒரு தங்கச்சி இருந்திருந்தா இப்படித்தாம்ல இருந்திருப்பா" என்று ஒருநாள் அக்கா என்னிடம் சொன்னாள்.

நடந்தது ஐப்பசியில். இரண்டு நாள் மழை விட்டு வெயில் அடித்த ஒரு காலை. கொட்டைத் தூள் கொஞ்சம் அடியில் தங்கி, பம்பின் மூக்கை அடைத்துக்கொண்டிருக்கிறது. அந்தப் பெண் குழாயைத் தூக்கி, அதன் மூக்கைக் கண்ணுக்கு நேரே பிடித்து ஊசியால் குத்தியிருக்கிறாள். உள்ளே அழுத்தம் இருந்ததால் அடைப்பு விட்டதும் பீய்ச்சி அடித்துவிட்டது. இரண்டு கண்ணிலும்.

குழாயடிக்குப் போய்க் கழுவினாள். எரிந்தது. பழக் கொட்டைதானே, ஒன்றும் செய்யாது என்றுதானே அக்கா சொன்னாள், போய்விடும் என்று இருந்தாள். சாயங்காலத்துக்குள் கண் திறக்க முடியவில்லை. வெளிச்சம் பட்டால் அலறினாள். மனையின் ஓரத்தில் நந்தியாவட்டைச் செடி ஒன்று இருந்தது. கண் வலிக்கு அந்தப் பூ குளிர்ச்சி என்று யாரோ சொல்ல, பூவைப் பறித்துக் கண்மேல் வைத்து ஈரத்துணியால் கட்டிக்கொண்டாள். அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும் அப்படியே. அக்காவுக்குப் போன் போடலாம் என்று புருஷன் சொன்னபோது, "வாணா, அது பயந்துகும்" என்று தடுத்துவிட்டாளாம்.

அக்கா வழக்கம்போல் கேனைத் தூக்கிக்கொண்டு போனபோதுதான் விஷயம் தெரிந்தது. எனக்குப் போன் வந்தது. கடை ஷட்டரைப் பாதியில் இறக்கிவிட்டு ஓடினேன். தகர அறையின் இருட்டில் அவள் சுருண்டு கிடந்தாள். கட்டை அவிழ்த்தபோது இரண்டு கண்ணும் வீங்கி, இடது கண்ணிலிருந்து மஞ்சளாகச் சீழ் வடிந்தது. அக்கா கேனை இன்னும் கையில் பிடித்தபடியே நின்றாள்.

ஆட்டோ பிடித்து அரசாங்கக் கண் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியெல்லாம் அந்தப் பெண் அக்காவின் மடியில் முகத்தைப் புதைத்திருந்தாள். வண்டி குழியில் இறங்கி ஏறும்போதெல்லாம் முனகினாள்.

பரிசோதித்த டாக்டர் சின்ன வயதுப் பெண். "கண்ணுல என்ன பட்டுச்சு?" என்று கேட்டாள்.

அக்காதான் பதில் சொன்னாள். "சீத்தாப்பழக் கொட்டைத் தண்ணி."

"பேனுக்குப் போட்டீங்களா?"

"இல்ல, பூச்சிக்கு. செடிக்கு அடிக்கிறது."

"பேனுக்குப் போட்டுக் கண்ணுல வழிஞ்சு நிறையப் பேர் வருவாங்கம்மா. அது கருவிழி மேல்தோலையே உரிச்சிடும். உடனே வந்திருந்தா சரியாகியிருக்கும். பெரும்பாலும் சரியாயிடும். இவங்க பூ வெச்சுக் கட்டி, அதுல கிருமி போயிடுச்சு. வலது கண்ணைக் காப்பாத்திடலாம். இடதுல புண்ணு ஆழமா இருக்கு."

"இயற்கையான பொருள்தானே டாக்டர்?" என்றேன் நான், ஏதாவது பேச வேண்டுமே என்று.

டாக்டர் எழுதுவதை நிறுத்தி என்னைப் பார்த்தாள். "அரளி விதையும் இயற்கைதான் சார்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. களைப்பாகச் சொன்னாள். அடுத்த நோயாளி கதவருகே வந்து நின்றிருந்தார்.

வார்டுக்கு வெளியே சிமெண்டு பெஞ்சில் அக்காவும் நானும் உட்கார்ந்திருந்தோம். அவள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"கடைக்கு வார சம்சாரிங்க கேப்பாங்க, 'அண்ணாச்சி, இது உடம்புக்கு ஒண்ணும் செய்யாதுல்லா?'ன்னு. பாவம், வெள்ளாமை செய்யுறவங்க, அவங்களுக்கு என்ன தெரியும். உங்க அத்தான் சொல்லுவாரு, 'ஒண்ணும் செய்யாது, தைரியமா அடிங்க'ன்னு. நான் மாடிப்படியில நின்னு கேட்டுக்கிட்டு இருப்பேன். மனசுக்குள்ள அவரை வைவேன். பாவி, வாய் கூசாம சொல்லுதானேன்னு. இப்பத்தான் தெரியுது தம்பி. அவரு பொய் சொல்லல. அவருக்கும் அப்படித்தான் தோணியிருக்கு."

நான் அவள் தோளைத் தொட்டேன். அவள் விலகி உட்கார்ந்தாள்.

அந்தப் பெண் ஆஸ்பத்திரியில் இருந்த நாளெல்லாம் அக்கா காலையில் போய் இருட்டிய பிறகுதான் வந்தாள். மணிக்கு ஒருதரம் சொட்டு மருந்து விட வேண்டும். நர்ஸ் வருகிறவரை காத்திருக்காமல் அக்கா தானே கற்றுக்கொண்டு மருந்தை விட்டாள். சோறு பிசைந்து ஊட்டினாள். தலை வாரிவிட்டாள். அந்தப் பெண் ஒருதரம்கூட அவளைக் குறை சொல்லவில்லை. எனக்கு அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. அக்காவுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

"என்னைய ஏசு. நாலு வார்த்தை திட்டு" என்று ஒருநாள் அக்கா கேட்டேவிட்டாள்.

"உன்ன திட்னா கண்ணு வந்துருமாக்கா? சும்மா கெட" என்றாள் அவள், கட்டுப் போட்ட முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு.

புருஷன்காரன் ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்தான். கத்துவான் என்று நினைத்து நான் அக்காவுக்கு முன்னால் போய் நின்றேன். அவன் செருப்பைக் கழற்றிவிட்டுப் படியிலேயே நின்றான். "மனைக்காரங்களுக்கு மட்டும் விஷயம் தெரிய வேணாம்மா. தோட்டம் போட்டது தெரிஞ்சா எங்கள விரட்டிருவாங்க" என்றான். அதைச் சொல்லத்தான் அவ்வளவு தூரம் வந்திருந்தான். காப்பி குடிக்கச் சொன்னோம். வேண்டாம் என்று போய்விட்டான்.

வலது கண் தேறியது. இடது கண்ணில் பூ விழுந்துவிட்டது. கருவிழி இருந்த இடத்தில் பால் உறைந்தாற்போல் ஒரு வெள்ளை. கருவிழி மாற்றி வைக்கலாம், வரிசையில் பேர் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும், வைத்தாலும் எவ்வளவு தெரியும் என்று சொல்ல முடியாது என்றார்கள். பேர் கொடுத்திருக்கிறோம்.

அந்தப் பெண்ணை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று இரவே, வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அக்கா குழுவில் ஒரு குரல் பதிவு போட்டிருந்தாள். நடந்ததை நடந்தபடி சொன்னாள். நான் கொடுத்த பாட்டிலை யாரும் தொடாதீர்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றாள். பதில்கள் வந்தன. சிலர் வருத்தப்பட்டார்கள். ஒருவர், இயற்கையில் பக்கவிளைவே கிடையாது, அந்தப் பெண் வேறு ஏதாவது ரசாயனம் கலந்திருப்பாள் என்று எழுதினார். இன்னொருவர், இப்படிப் பயமுறுத்தினால் ஜனங்கள் மறுபடி பூச்சி மருந்துக்குப் போய்விடுவார்கள், பொது இடத்தில் இதைப் பேச வேண்டாமே என்றார். அடுத்த நாள் அக்கா அந்தக் குழுவில் இல்லை. தானே வெளியேறினாளா, எடுத்துவிட்டார்களா, நான் கேட்கவில்லை.

அந்தப் பெண் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பிறகு நான் கடைக்கு விடுமுறை விட்டேன். ஸ்கூட்டரில் அவளை உட்காரவைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனோம். லஸ்ஸில் ஒரு மாமி பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்து, "நான் அப்பவே எங்காத்துல சொல்லிண்டிருந்தேன், இதெல்லாம் நம்பப்படாதுன்னு" என்றாள். வாங்கும்போது அவள் அப்படிச் சொல்லவில்லை. அபிராமபுரத்தில் ஒருவர் தர மறுத்தார். தன் செம்பருத்திக்கு இதைவிட நல்லது எதுவும் இல்லையாம், கண்ணாடி போட்டுக்கொண்டு அடிக்கிறாராம். அக்கா அவர் வாசலிலேயே நின்று திரும்பத் திரும்பக் கேட்டாள். கடைசியில் அவர் கதவைச் சாத்திக்கொண்டார். திருவல்லிக்கேணியில் ஒரு வீட்டில் குளியலறையிலிருந்து பாட்டிலை எடுத்து வந்தார்கள். ஏன் குளியலறையில் என்று அக்கா கேட்டாள். "பொண்ணு தலையில பேன் ஜாஸ்தியா இருக்கு. ஞாயித்துக்கிழமை தேய்ச்சுக் குளிப்பாட்டலாம்னு வெச்சேன்" என்றாள் அந்த அம்மா. பத்து வயதுப் பெண் குழந்தை ஒன்று கதவோரம் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. அக்கா பாட்டிலை அந்த அம்மாவின் கையிலிருந்து பிடுங்கிவிட்டாள். தெருவுக்கு வந்ததும் நடைபாதையில் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். வழியில் போனவர்கள், வெயில் ஒத்துக்கொள்ளவில்லை போல என்று தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

சேர்த்த பாட்டில்களை மாடியில் வைத்திருந்தோம். எங்கே ஊற்றுவது என்று தெரியவில்லை. சாக்கடையில் ஊற்றினால் ஆற்றுக்குப் போகும், அங்கே மீன் சாகும் என்றாள் அக்கா. பெரிய தொட்டி ஒன்றில் ஊற்றி, கம்பி வலை போட்டு மூடி, வெயிலில் வற்றவிட்டோம். மழை வந்தபோதெல்லாம் அவள் தார்ப்பாயைப் போட்டுக்கொண்டு ஓடுவாள். அதன் பிறகு செடிகளுக்கு அவள் தண்ணீர் விடவில்லை. என் மனைவி கொஞ்ச நாள் ஊற்றிப் பார்த்தாள். மாவுப்பூச்சி மறுபடி வந்து கத்தரியைத் தின்றது. வெண்டை காய்ந்து குச்சியாக நின்றது. இப்போது அங்கே துணி காயப்போடுகிறோம்.

மனைக்காரருக்கு விஷயம் எப்படியோ போய்விட்டது. எதிர் அப்பார்ட்மெண்டில் கீரை வாங்கிய யாரோ, பரிதாபப்பட்டோ பயந்தோ, சொல்லியிருக்க வேண்டும். மனைக்காரரின் மைத்துனர் காரில் வந்தார். நாளைக்குக் கேஸ் கீஸ் என்று வந்தால் யார் பதில் சொல்வது என்று கேட்டாராம். பொங்கலுக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். பாத்திகளை ஜே.சி.பி. வந்து ஒரே காலையில் வழித்தது. அக்காவும் நானும் போயிருந்தோம். தண்டுக்கீரை மண்ணோடு மண்ணாகப் புரண்டு கிடந்தது. அந்தப் பெண் தலையைச் சாய்த்து, நல்ல கண்ணால் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். குனிந்து ஒரு கட்டுக் கீரை மட்டும் பிடுங்கி, வேரிலிருந்த மண்ணை உதறி, அக்காவிடம் நீட்டினாள். அக்கா அதை வாங்காமல் அழுதாள். "புடிக்கா, எங்க பஸ்சு வந்துரும்" என்றாள் அவள்.

குடும்பத்தோடு வந்து எங்களோடு இருங்கள் என்று அக்கா கேட்டுப் பார்த்தாள். அந்தப் பெண் சிரித்தாள். "உங்க வூட்டு ஓனரு இன்னா சொல்வாரு?" என்றாள். இப்போது அவர்கள் ஆதம்பாக்கத்தில் ஒற்றை அறை ஒன்றில் இருக்கிறார்கள். புருஷனுக்கு ஒரு ஏ.டி.எம். வாசலில் வேலை. அவள் கோயம்பேட்டிலிருந்து வருகிற கீரையை மொத்தத்தில் வாங்கி மந்தைவெளி மார்க்கெட் ஓரத்தில் விற்கிறாள். எங்கோ யாரோ மருந்து அடித்து வளர்த்த கீரை. ஓட்டையே இல்லாமல் பளபளவென்று இருக்கிறது. அவளிடம் வாங்கிவந்த கட்டைப் பிரிக்கும்போது அக்காவின் மூக்கு அசைவதை நான் பார்த்திருக்கிறேன். உப்புத் தண்ணீரில் பலமுறை அலசி, கடைந்து எங்களுக்குப் பரிமாறுவாள். அவளும் சாப்பிடுவாள்.

போன மாதம் ஒரு விடியற்காலை, கடைக்கு வரும் சரக்கை இறக்குகிற அவசரத்தில் மார்க்கெட் வழியாக வந்தேன். கீரைக் கட்டுகள் இறக்குகிற நேரம். அந்தப் பெண் தலையில் மூட்டையோடு சாலையைக் கடக்க நின்றுகொண்டிருந்தாள். இடது பக்கமிருந்து வருகிற வண்டி அவளுக்குத் தெரியாது. சத்தம் கேட்டபின் முழுமுகத்தையும் திருப்பினால்தான் தெரியும். மூட்டை தலையில் இருக்கும்போது அப்படித் திருப்ப முடியாது. அக்கா அவளுடைய இடது பக்கத்தில் நின்றிருந்தாள். ஒரு கையால் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, மறு கையை நீட்டி, வருகிற ஆட்டோக்களையெல்லாம் நிறுத்திக்கொண்டிருந்தாள். தினமும் விடிவதற்கு முன்னால் அவள் எங்கே எழுந்து போகிறாள் என்று என் மனைவி கேட்டுக்கொண்டே இருந்தாள். கோயிலுக்கு என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம்.

ஓர் ஆட்டோக்காரர், "யம்மா, ஓரமா போம்மா, இன்னா டிராபிக் போலீசா நீ?" என்று சத்தம் போட்டார். அக்கா காதில் வாங்கவில்லை. இருவரும் மெதுவாகக் கடந்து போனார்கள். நான் கூப்பிடவில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு வேறு தெரு வழியாகக் கடைக்குப் போய்விட்டேன்.